பெட்டி ஐஸைவிடக் குளிரான கடலில் ஒரு முட்டை பொரிக்க 10 மாதம்

வெள்ளவத்தையில் நான் வழமையாக மீன் வாங்கும் நானா, விடியப்புறம் பேலியகொடையிலிருந்து கொண்டுவரும் கெலவல்லா என்ற சூரை மீனை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ்தூளுக்குள் புதைத்து வைத்திருப்பார். துண்டு கேட்டால் கையை உள்ளே விட்டுத் துழாவி எடுப்பதற்குள் விரல்நுனி வெளிறிப்போகும். போன மாதம் ஒருநாள், கையை உதறிக்கொண்டே, "இந்தக் குளிருல ஒரு மீன் உசிரோட இருக்குமா தம்பி?" என்று சும்மா கேட்டார். இருக்கும், இதைவிடக் குளிரிலும் இருக்கும் நானா என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்கு நிறுக்கப் போய்விட்டார். அவரிடம் சொல்லாமல் விட்ட மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நானாவின் பெட்டியில் கரைந்துகொண்டிருப்பது நன்னீர் ஐஸ். அது 0 பாகை செல்சியஸில் நிற்கும். கடல்நீரில் உப்பு இருப்பதால் அது உறைவதற்கு இன்னும் கீழே, மைனஸ் 1.9 பாகைக்குக் கிட்டப் போகவேண்டும். அந்தாட்டிக்காவின் மக்மேர்டோ கடற்பகுதியில் ஏறக்குறைய வருடம் முழுக்கத் தண்ணீர் அந்த அளவில்தான் கிடக்கிறது. அங்கே நீந்தும் மீனைப் பிடித்து நானாவின் பெட்டியில் போட்டால் அதற்குக் கொஞ்சம் இதமாகவே இருக்கும். இத்தனைக்கும் அது எங்களுக்கு அந்நியமான கடல் என்று சொல்லிவிட முடியாது. தெவிநுவர முனையிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு பிடித்துப் போனால் அந்தாட்டிக்கா வரும்வரை வழியில் ஒரு தரையும் இல்லை. கொழும்புக் கரையில் 28 பாகையில் காலை நனைக்கும் தண்ணீர்தான் அந்தக் கோட்டின் மறுமுனையில் ஐஸாகிறது.

சாதாரண மீனின் இரத்தம் கடல்நீரைவிட உப்புக் குறைந்தது. அதனால் மைனஸ் 0.7 பாகையளவிலேயே உறைந்துவிடும். அப்படியானால் மக்மேர்டோ மீன் கல்லாகப் போயிருக்க வேண்டுமே? 1960களில் இந்தக் கேள்வியோடு அங்கே போய் ஐஸில் துளை போட்டு மீன் பிடித்தவர் ஆர்தர் டெவ்ரீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். விடையை அவர் மீனின் இரத்தத்திலேயே கண்டார். சர்க்கரை ஒட்டிய ஒருவகைப் புரதம் அதில் ஓடுகிறது. உடலுக்குள் ஒரு ஐஸ் துணுக்கு நுழைந்தால் இந்தப் புரதம் அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டு, அதை மேலும் வளரவிடாமல் தடுக்கிறது.

மீன் கடல்நீரைக் குடிக்கிறது, கூடவே ஐஸ் துணுக்கும் வயிற்றுக்குள் போகிறது. ஆகவே குடலுக்குத்தான் முதல் ஆபத்து. இந்தப் புரதத்தை அதிகம் சுரப்பதும் குடலுக்குள் சுரப்பை விடும் கணையம்தான் என்று பிறகு தெரிந்தது. அதன் பரம்பரையலகு எங்கிருந்து வந்தது என்று தேடிப்போன கிறிஸ்டினா செங் குழுவினர், சாப்பாட்டைச் செரிக்க உதவும் டிரிப்சினோஜென் என்ற கணையப் புரதத்தின் பரம்பரையலகிலிருந்து அது உருமாறி வந்திருக்கிறது என்று 1997இல் காட்டினார்கள். வட துருவத்தின் கொட் மீனுக்கும் ஏறக்குறைய இதே புரதம் இருக்கிறது. ஆனால் அந்த மீன் வேறொரு மூலத்திலிருந்து தனியாக அதைச் செய்துகொண்டது. ஒரே பூட்டுக்கு இரண்டு ஊரில் இரண்டு கொல்லர் ஒரே மாதிரித் திறப்பு அடித்த கதை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஐஸ் வளராமல் தடுக்கும் அந்தப் புரதம் ஐஸ் கரைவதையும் கொஞ்சம் தடுக்கிறது. கோடை வந்து தண்ணீர் சற்றுச் சூடானாலும் உள்ளே புகுந்த துணுக்குகள் கரைவதில்லை. 2014இல் வந்த ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. அநேகமாக இந்த மீன்கள் வாழ்நாள் முழுக்க உடம்புக்குள் ஐஸைச் சுமந்துகொண்டேதான் திரிகின்றன.

சரி, உறையாமல் இருக்க வழி கிடைத்துவிட்டது. மீன் உயிரோடு இருந்தால் மட்டும் போதுமா? வளரவேண்டும், முட்டை போடவேண்டும், அது பொரிக்கவேண்டும். துருவ மீனின் உண்மையான சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம். குளிருக்கு அதனிடம் மருந்து இருக்கிறது. ஆறுதலாக ஓடும் கடிகாரத்துக்கு மருந்து இல்லை.

எங்கள் பக்கத்து மீனை முதலில் பார்ப்போம். கெலவல்லாவின் முட்டை ஒரு மில்லிமீற்றர் அளவு. இளஞ்சூட்டுக் கடலில் மிதந்துகொண்டே ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும். 2, 3 வருடத்தில் அந்தக் குஞ்சு தானே முட்டையிடத் தயாராகும். சாளை அதைவிட அவசரக்காரி, ஒரு வருடத்துக்குள்ளேயே தாயாகிவிடும். இப்போது மக்மேர்டோவுக்குப் போவோம். அங்கே செதிலே இல்லாத ஒரு மீன் இருக்கிறது, மொட்டை டிராகன் மீன் என்று வைத்துக்கொள்வோம். ஒக்டோபரை ஒட்டிக் கரையோரப் பாறையில் முட்டைகளை ஒட்டவைக்கிறது. அவை பொரிக்க ஏறக்குறைய 10 மாதம். எங்கள் வீடுகளில் ஒரு பிள்ளை பிறக்க எடுக்கும் காலம், இது உள்ளங்கையில் அடங்கும் மீன்குஞ்சுக்கு.

இதற்குக் குளிர் மட்டும்தான் காரணமா? கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். உடம்புக்குள் நடக்கும் இரசாயன வேலைகள் வெப்பம் 10 பாகை குறையும்போது பொதுவாக இரண்டில் ஒன்றாகவோ மூன்றில் ஒன்றாகவோ மந்தமாகும். கொழும்புக் கடலுக்கும் மக்மேர்டோவுக்கும் வித்தியாசம் 30 பாகை. அப்படியென்றால் 8 மடங்கிலிருந்து 27 மடங்குவரை மந்தம். ஒரு நாளில் பொரிப்பது ஒரு மாதத்தில் பொரிக்கவேண்டும், அவ்வளவுதான். 300 நாள் எங்கிருந்து வந்தது?

பாதி விடை முட்டையின் பருமனில் இருக்கிறது. அந்தாட்டிக்க மீன்கள் பலவற்றின் முட்டை 3, 4 மில்லிமீற்றர் வரும். குறுக்களவு ஒன்றிலிருந்து நான்கானால் கனவளவு 64 மடங்கு. அந்தப் பெரிய மஞ்சள்கருவை உடம்பாக்கி முடிக்க நாள் எடுக்கும். அந்த முட்டையைத் தாய் தயாரிக்கவும் நாள் எடுக்கும். இந்தக் கூட்டத்து மீன்கள் சிலவற்றின் சூலகத்தில் இந்த வருடத்து முட்டையும் அடுத்த வருடத்து முட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்வதைக் காணலாம். அதாவது ஒரு முட்டை முற்ற இரண்டு வருடம்.

மற்றப் பாதி விடை வெளிச்சம். மக்மேர்டோவில் ஏப்ரல் கடைசியில் மறையும் சூரியன் ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகுதான் எட்டிப்பார்க்கும். நான்கு மாத இருட்டு. வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி இல்லை, பாசி இல்லாவிட்டால் அதைத் தின்னும் நுண்ணுயிர் இல்லை, குஞ்சுக்குத் தீனியும் இல்லை. மொட்டை டிராகன் மீனின் முட்டைகள் பொரிப்பதோ, அந்தச் சூரியன் திரும்பி வந்த கையோடு. மார்ச்சிலோ ஏப்ரலிலோ வெளியே வந்தால் பட்டினிதான் என்பதால், முட்டைக்குள் இருந்தபடியே குளிர்காலம் முழுவதையும் கழித்துவிட்டு, வசந்தத்தின் முதல் வெளிச்சத்தில் வெளியே வருகிறது. மந்தமாக ஓடும் கடிகாரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் அதையே பஞ்சாங்கமாக்கிக்கொண்ட மீன் இது. எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான், அதனால்தான் இவ்வளவு நீட்டினேன்.

10 மாதம் ஒரு முட்டை பாறையில் கிடந்தால் தின்ன ஆள் வராதா? வரும். ஆகவே காவல் வேண்டும். கெலவல்லா ஒரு தடவையில் 10 இலட்சத்துக்கும் மேல் முட்டைகளைக் கடலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். பருவகாலத்தில் சில நாளுக்கு ஒருதடவை அதையே மறுபடியும் செய்யும். துருவத்தில் அந்தச் சூதாட்டம் சரிவராது. பெரிய முட்டையென்றால் கொஞ்சம்தான் போடமுடியும், கொஞ்சம் என்றால் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தாட்டிக்கத் தீபகற்பத்தில் ஹார்பஜிபர் என்ற சின்ன மீன் நான்கு, ஐந்து மாதம் கூட்டைக் காக்கிறது. காவலில் இருக்கும் தாயை ஆய்வாளர்கள் எடுத்துவிட்டுப் பார்த்தபோது, வேறொரு மீன் வந்து அந்த இடத்தில் இருந்துகொண்டதாம், பெரும்பாலும் ஆண் மீன்.

இந்தக் காவலின் உச்சக் காட்சி 2021 பெப்ரவரியில் தற்செயலாகக் கிடைத்தது. ஜேர்மனியின் அல்பிரட் வேகனர் நிறுவனத்தின் போலார்ஸ்டேர்ன் கப்பல் அந்தாட்டிக்காவின் வெடல் கடலில் ஒரு கமராத் தொகுதியைக் கடலடிக்குச் சற்று மேலே இழுத்துக்கொண்டு போனது. ஒட்டுன் பூர்சர் குழுவினர் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, 400, 500 மீற்றர் ஆழத்தில் வட்டமாக ஒரு பள்ளம் தெரிந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக, மணிக்கணக்காகப் பள்ளங்கள். ஒவ்வொன்றும் 75 சென்றிமீற்றர் அகலம், 15 சென்றிமீற்றர் ஆழம். துணி ஊறவைக்கும் பெரிய பேசினை மணலில் அழுத்தி எடுத்த மாதிரி. நடுவில் சேற்றை விலக்கிச் சின்னக் கற்கள், கற்களின் மேல் சராசரி 1,700 முட்டை, முட்டைக்கு மேல் அசையாமல் ஒரு ஐஸ்மீன். சில கூடுகளில் முட்டை இருந்தது, காவல் இல்லை. சிலவற்றில் செத்த மீன் கிடந்தது.

கூடுகள் பரந்திருந்த இடம் 240 சதுர கிலோமீற்றர் அளவு என்று கணித்தார்கள். கொழும்பு மாநகரசபை எல்லை 37 சதுர கிலோமீற்றர். அப்படி ஆறரைக் கொழும்பு. கூடுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 6 கோடி, இலங்கையில் ஆளுக்கு இரண்டு மூன்று கூடு பங்கு வைக்கலாம். ஏன் அந்த இடம்? ஆழத்திலிருந்து மேலெழும் நீர் அங்கே சுற்றுப்புறத்தைவிட 2 பாகைவரை சூடு. எங்களுக்கு 2 பாகை என்பது மின்விசிறியை ஒரு இலக்கம் கூட்டுவது. அவற்றுக்கு முட்டை பொரிக்கும் நாளையே அது மாற்றிவிடும்.

ஐஸ்மீன் என்றதும் அதன் இரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. இரத்தத்தைச் சிவப்பாக்கி ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் அதில் இல்லை. வெட்டினால் நிறமற்ற தண்ணீர் மாதிரி வரும். 1927இல் அந்தாட்டிக்கப் பக்கத்துப் பூவே தீவருகே நோர்வேக்காரரான ருஸ்டாட் அதைக் கண்டார். திமிங்கில வேட்டைக்காரர்கள் சொல்லிவந்த 'இரத்தமில்லா மீன்' கதையைச் சோதித்து 1954இல் அறிவியலாக எழுதியவர் யோஹான் ரூட். குளிர்ந்த நீரில் ஒட்சிசன் அதிகம் கரையும், கொழும்புக் கடலில் இருப்பதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்தத் தாராளத்தில்தான் சிவப்பணு இல்லாமல் ஐஸ்மீன் சமாளிக்கிறது. பதிலுக்கு இதயம் பெரிதாக வேண்டியிருக்கிறது, இரத்தமும் நிறைய வேண்டியிருக்கிறது.

இனி வளர்ச்சிக்கு வருவோம். முட்டையிலிருந்து வந்த பிறகும் இந்த மீன்கள் ஏன் மெல்லவே வளர்கின்றன?

நுவரெலியாவில் விடியக்காலை தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு ஒரு பிரச்சினை உடனே விளங்கும். எண்ணெய் வராது, கட்டியாகி நிற்கும். ஒவ்வொரு உயிர்க்கலத்தையும் சுற்றியிருக்கும் சவ்வும் கொழுப்புத்தான். அது இப்படி இறுகினால் கலம் வேலை செய்யாது. துருவ மீனின் சவ்வு குளிரிலும் இறுகாத நிறைவுறாக் கொழுப்பால் ஆனது, மீனெண்ணெய் குளிர்சாதனப் பெட்டியிலும் திரவமாக இருப்பதுபோல. இதையும் அவை தீர்த்துவிட்டன. தீராமல் நிற்பது புரதத்தின் பிரச்சினை. உடம்பு வளர்வது என்றால் புதுப் புரதம் சேர்வது. புரதம் சரியான வடிவில் மடிந்தால்தான் உதவும். கடுங்குளிரில் அந்த மடிப்புப் பிழைப்பது அதிகம் போலத் தெரிகிறது. அந்தாட்டிக்க மீன்களின் கலங்களில், கழித்துவிட வேண்டியவை என்று அடையாளமிடப்பட்ட புரதங்கள் வெதுவெதுப்பான கடல் மீன்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டன. பத்து இடியப்பம் பிழிந்தால் நான்கு உடைந்துபோகிற வீட்டில் சாப்பாட்டு மேசை நிறைய நேரமெடுக்கும்தானே.

குளிரில் மந்தமாகும் இரசாயனமும் பிழைக்கும் மடிப்பும் போக, மூன்றாவது காரணம் பழைய காரணம்தான்: தீனி. கோடையில் சில மாதம் விருந்து, பிறகு நீண்ட நோன்பு. இந்த மூன்றில் எது பெரியது என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. தீனியே பிரதானம் என்ற பக்கம்தான் நான். ஏனென்றால் குளிர் எல்லோருக்கும் பொது, ஆனால் எல்லாத் துருவ மீனும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. தென் அத்திலாந்திக்கில் உள்ள தென் ஜோர்ஜியாத் தீவைச் சுற்றியுள்ள ஒருவகை ஐஸ்மீன் 3, 4 வருடத்தில் முதிர்ந்துவிடுகிறது. வட துருவக் கொட் மீனும் 2, 3 வருடத்தில் முட்டையிடும், 7 வருடம் தாண்டுவது அபூர்வம். ஒரு சாணைவிடக் கொஞ்சம் நீளமான அந்த மீனைத்தான் அங்கே கடல்நாயும் பறவையும் திமிங்கிலமும் நம்பியிருக்கின்றன. அதன் முட்டை ஐஸின் அடிப்பக்கத்தில் மிதந்தபடி, இருட்டிலேயே வளர்கிறது.

வயது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மீனின் தலைக்குள் காதுக்கல் என்று ஒன்று இருக்கிறது. கறிக்குத் தலை வாங்கி உறிஞ்சுபவர்கள் பல்லில் கடிபட்டுத் துப்பியிருப்பீர்கள், வெள்ளைக் கல் மாதிரி. அதை மெல்லிசாக வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்தால் மரத்தின் வளையம்போல வளையங்கள் தெரியும். விருந்துக் காலத்துக்கு அகல வளையம், நோன்புக் காலத்துக்கு ஒடுங்கிய வளையம். வருடம் முழுக்க வெயிலடிக்கும் எங்கள் கடலில் இந்த வித்தியாசம் மங்கலாக இருப்பதால் எண்ணுவது சிரமம்.

அந்தக் கல்லை எண்ணித்தான் அந்தாட்டிக்க டூத்பிஷ்ஷின் கதை தெரியவந்தது. இரண்டு மீற்றர் நீளம், 100 கிலோவுக்கு மேல் வரக்கூடிய மீன். முதல் பத்து வருடம் ஓரளவு விறுவிறுவென்று வளர்ந்து ஒரு மீற்றரைத் தொடும், அப்புறம் ஆமை நடை. ரொஸ் கடலில் ஆண் மீன் முதிர்வது சராசரி 13 வயதில், பெண் மீன் 17 வயதில். எங்கள் பிள்ளைகள் ஓ.எல். எழுதி முடித்த பிறகுதான் அது முதல் முட்டையே போடுகிறது. சந்தையில் இதற்கும் இதன் படகோனிய உறவுக்கும் 'சிலியன் சீ பாஸ்' என்று பெயர். 1977இல் லீ லான்ட்ஸ் என்ற அமெரிக்க வியாபாரி விற்பனைக்காக வைத்த பெயர் அது. மீனுக்கும் பாஸ் குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. நாங்கள் சிரிக்க வேண்டியதில்லை, டின்னில் அடைத்த கானாங்கெளுத்தி வகை மீனைச் 'சமன்' என்று கடையில் கேட்டு வாங்குகிறவர்கள் நாங்கள்.

வயதில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது வட துருவப் பக்கத்துக் கிரீன்லாந்துச் சுறா. சுறாவுக்கு இப்படி வளையம் எண்ணக்கூடிய காதுக்கல் கிடையாது. 2016இல் யூலியஸ் நீல்சன் குழுவினர் அதன் கண்வில்லையின் நடுப்பகுதியை எடுத்துக் கதிரியக்கக் காபன் முறையில் அளந்தார்கள். ஐந்து மீற்றர் நீளமான பெண் சுறா ஒன்றின் வயது 392, கூடக்குறைய 120 வருடம். நடுக்கணக்கின்படி அது பிறந்தபோது கொழும்புக் கோட்டையில் பறங்கியர் இருந்தார்கள். ஆகக் குறைந்த கணக்கின்படி பார்த்தாலும் ஒல்லாந்தர் காலம். இந்தச் சுறா வருடத்துக்கு ஒரு சென்றிமீற்றருக்கும் குறைவாகவே வளர்கிறது. பெண் சுறா முதிர 150 வருடமளவில் ஆகுமாம்.

மந்தமான கடிகாரம் உள்ள மீனை அவசரக் கணக்கில் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென் ஜோர்ஜியாவே சாட்சி. அங்கே நொட்டோதீனியா ரொசி என்ற மீன் மந்தை மந்தையாக இருந்தது. 1969-70 பருவத்தில் சோவியத் கப்பல்கள் ஏறக்குறைய 4 இலட்சம் தொன் அள்ளின. 2019இல் இலங்கை முழுவதும் கடலில் பிடித்த எல்லா மீனையும் சேர்த்த அளவுக்குக் கிட்ட வரும். அடுத்த பருவத்தில் கிடைத்தது 1 இலட்சம் தொன். அதற்குப் பிறகு வலையில் ஒன்றும் பெரிதாக இல்லை. அந்தாட்டிக்கக் கடல்வாழ் உயிர்வளங்களைக் காப்பதற்கான உடன்படிக்கை 1982இல் நடைமுறைக்கு வந்தது. அந்த மீனைக் குறிவைத்துப் பிடிப்பதற்கு 1985இல் தடை போட்டார்கள். அந்த நாளைய மந்தைகள் இன்னும் திரும்பவில்லை. சாளை இப்படி அள்ளப்பட்டிருந்தால் சில வருடத்தில் மீண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

வெப்பம் கூடுவதும் இதே கடிகாரத்தில்தான் கைவைக்கிறது. 1967இல் டெவ்ரீஸும் சொமேரோ என்ற ஆய்வாளரும் மக்மேர்டோ மீன்களைச் சூடேற்றிப் பார்த்தபோது 6 பாகையளவில் அவை செத்துப்போயின. வெப்ப அதிர்ச்சி வந்தால் புரதங்களைக் காக்க மற்ற உயிர்கள் உடனே செய்துகொள்ளும் ஏற்பாட்டை, மிக நீண்ட காலம் தேவைப்படாததால், இவற்றில் சில கைவிட்டுவிட்டன. வடக்கே துருவக் கொட்டின் முட்டைகள் 3 பாகைக்கு மேல் ஒழுங்காகப் பொரிப்பதில்லை. வளர்ந்த மீன் தாங்கும் சூட்டை முட்டை தாங்காது என்பதால், மீன் நீந்தித் திரியும் கடலிலேயே அடுத்த தலைமுறை இல்லாமல் போகலாம்.

டூத்பிஷ்ஷுக்கு இப்போது பிடி அளவு தீர்மானிக்கும்போது 35 வருடம் முன்னால் போய்க் கணக்குப் பார்க்கிறார்கள்: அதுவரை பிடித்தாலும் முட்டையிடும் மீன்கூட்டம் பழைய அளவில் பாதியாவது மிஞ்சவேண்டும் என்பது விதி. 35 வருடம் கேட்க நீளமாக இருக்கும். பெண் மீன் முதிர 17 வருடம், அதன் மகள் முதிர இன்னொரு 17. இரண்டு தலைமுறைக்கு மட்டுமட்டாகத்தான் போதும்.